எங்கள் வண்டிகள் போன சாலை காய்ந்திருக்கிறது

என் மனைவி செல்வியின் தலையிலிருந்து ரத்தம் தார்ச்சாலையில் வடிந்துகொண்டிருந்தபோது என் வாயில் மாதாவின் பெயர் வரவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வந்தது ஒரு நாற்றம்தான். மீன் தண்ணீர் நாற்றம். எனக்கு நன்றாகத் தெரிந்த நாற்றம். இந்தச் சாலைக்கு நானே பழக்கிவிட்ட நாற்றம்.

நம் கோவில் மணியோசையில் கண்விழித்து, அலையோசையில் கண்ணயரும் சகோதர சகோதரிகளே, நான் சூசை. தங்கச்சிமடத்தில் மீன் வண்டி ஓட்டுகிறவன். என் மனைவிக்குக் கிடைத்த உயிரையும் எனக்குக் கிடைத்த புத்தியையும் உங்கள் முன் வைக்கிறேன்.

என் கதை ஒரு கயிற்றில் ஆரம்பிக்கிறது.

மீன் வண்டியில் ஐஸ் உருகும். உருகிய தண்ணீர் தேங்கினால் மீன் ஊறிப்போகும், மதுரை வியாபாரி முகத்தைச் சுளிப்பான். ஆகவே வண்டியின் அடியில் ஒரு ஓட்டை, அதற்கு ஒரு தக்கை. திறந்துவிட்டே ஓட்டினால் ஊருக்குள் ஏசுவார்கள், செக்போஸ்ட்டில் நிறுத்துவார்கள். மூடியே ஓட்டினால் தண்ணீர் தேங்கும். ஐந்து வருடத்துக்கு முன் இதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய செருப்பின் ரப்பரை வட்டமாக வெட்டி, ஒரு ஸ்பிரிங் வைத்து, அதிலிருந்து நைலான் கயிற்றை வண்டியின் அடிவழியாக என் சீட் வரைக்கும் இழுத்துக் கட்டினேன். இழுத்தால் திறக்கும். விட்டால் மூடும். ஊருக்குள் என் வண்டி உத்தமன். மண்டபம் தாண்டி வெட்டவெளிச் சாலைக்கு வந்ததும் ஒரு இழுப்பு. பின்னால் வருகிறவனுக்கு என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடியில் செபமாலைதான் தொங்கியது.

முன் கண்ணாடியில் ‘மாதா துணை’. பின்னால் அந்த ரப்பர் தக்கை. பாம்பன் பாலத்தில் ஏறும்போது சிலுவை போட்டுக்கொண்ட அதே கை, பத்து நிமிடத்தில் கயிற்றை இழுக்கும்.

படகுகள் மீன் இறக்கும் ஜெட்டியில் எனக்குப் பெயர் கிடைத்தது. “சூசை அண்ணே, எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க” என்று வந்தார்கள். கட்டிக் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, என்னுடையதோடு சேர்த்துப் பதினெட்டு வண்டிகள். எல்லாம் என் கைவேலை. நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன்.

கடந்த வருடம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய முதல் சனிக்கிழமை. என் வண்டி ஒர்க்ஷாப்பில் நின்றது. ராமநாதபுரத்தில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். காலை பத்தரை மணிக்கு நானும் செல்வியும் பைக்கில் கிளம்பினோம். அவள் தலை நிறைய மல்லிகை. பூ நசுங்கும் என்று ஹெல்மெட் வேண்டாம் என்றாள். நான் என் ஹெல்மெட்டை முழங்கையில் வளையல் மாதிரி மாட்டிக்கொண்டேன். போலீஸைப் பார்த்தால் தலைக்கு ஏறும். இல்லாவிட்டால் கையோடு போகும். நம்மில் எத்தனை பேருக்கு அது கையில்தான் இருக்கிறது!

உச்சிப்புளி தாண்டியதும் முன்னால் ஒரு மீன் வண்டி. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. இன்னாசி. செல்வியின் தம்பி. அவன் வண்டியின் அடியிலிருந்து தண்ணீர் சரேலென்று பீய்ச்சியது, பிறகு நின்றது, மறுபடி பீய்ச்சியது.

“பாத்தியா? நான் கட்டுன கயிறு. உன் தம்பி எப்புடி இழுக்குறான் பாரு!” என்றேன்.

“ஆமா, நாத்தம் புடிச்ச பெருமை. சேலையெல்லாம் தெறிக்குது. மெதுவாப் போங்க” என்றாள்.

மெதுவாகவா? நானா? மாப்பிள்ளையை முந்திப் போய்க் கையைக் காட்ட வேண்டுமே! வளைவு என்று தெரியும். எதிரே வருவது தெரியாது என்றும் தெரியும். ஆக்சிலேட்டரை முறுக்கினேன். ஹாரனை அழுத்தியபடியே வலதுபக்கம் சாய்த்தேன். எதிரே ஒரு லாரி. மறுபடி இடதுபக்கம் ஒடித்தேன். டயர் அந்தத் தண்ணீரில் ஏறியது. மீன் கொழுப்பும் செதிலும் கலந்த தண்ணீர். சோப்பை விட மோசமானது. பைக் என் காலுக்கடியிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. இன்னாசி ஒன்றும் அறியாமல் போய்க்கொண்டே இருந்தான்.

எனக்கு முழங்கை தேய்ந்தது. அவ்வளவுதான். செல்வி தூக்கி எறியப்பட்டுக் கிடந்தாள். மல்லிகை சிவந்துகொண்டிருந்தது.

எதிர்த்திசையில் வந்த ஒரு கார் நின்றது. இறங்கியவர் காதர் பாய். பனைக்குளத்துக்காரர். வளைகுடாவில் பல வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவர் மனைவி ஓடி வந்து தன் வெள்ளைத் துப்பட்டியைக் கிழித்துச் செல்வியின் தலையைக் கட்டினார். ஆனால் பாய் எங்களிடம் வரவில்லை. சாலையோரத்தில் கருவேலங்கிளைகளை ஒடித்து வளைவின் தொடக்கத்தில் போட்டார். இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளி அந்தத் தண்ணீர்மேல் வீசினார்.

“பாய், மண்ணு அப்பறம் போடலாம்! உசுரு போகுது பாய்!” என்று கத்தினேன்.

“அண்ணே, அடுத்த வண்டி உங்க ரெண்டு பேரு மேலதான் வந்து ஏறும். ரெண்டே நிமிசம். அல்லா இருக்கான், பொறுங்க.”

சொல்லி முடிக்கவில்லை. ஒரு பஸ் வந்தது. கிளையைப் பார்த்து பிரேக் அடித்தது. டயர் மணலைக் கவ்வியது. எங்களுக்கு நாலு முழம் தள்ளி நின்றது. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் முகங்கள். நான் செபிக்கவே ஆரம்பிக்கவில்லை, அன்பானவர்களே. அதற்குள் உதவி வந்து மணலை வீசிக்கொண்டிருந்தது.

பாய் தன் காரிலேயே எங்களை ராமநாதபுரம் கொண்டுபோனார். அங்கே ஸ்கேன் எடுத்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். மூளைக்குப் பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது, கண் திறந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். சனி போயிற்று. ஞாயிறு போயிற்று. அவள் கண் திறக்கவில்லை.

வராண்டாவில் உட்கார்ந்து மாதாவிடம் பேரம் பேசினேன். ஆள் உயர மெழுகுதிரி வைக்கிறேன் தாயே. வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் தாயே. மொட்டை போடுகிறேன் தாயே. சொல்லச் சொல்ல நெஞ்சு பாரமானது. செபமாலையை உருட்டினேன். ‘பாவிகளாகிய’ என்ற சொல்லுக்கு வரும்போதெல்லாம் நாக்கு நின்றது. சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை ஓடிக் கடந்த சொல்! இப்போது அந்தச் சொல் வளைவில் படுத்துக்கிடந்த கருவேலங்கிளை மாதிரி என்னை நிறுத்தியது.

ஞாயிறு சாயங்காலம் இன்னாசி வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“மச்சான், எவன் வண்டித் தண்ணின்னு மட்டும் சொல்லுங்க. அவன உண்டு இல்லைன்னு ஆக்கிர்றேன். எங்கக்காவ இப்புடிக் கெடத்திட்டானே!”

நான் அவனைப் பார்த்தேன். அவனிடம் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது.

“மாப்ள, வண்டி உன்னோடது.”

அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

“கயிறு என்னோடது. வளைவுல முந்துனதும் நான்தான். நீ அழாத.”

அவனிடம் சொன்னதுதான் என் செபம். சொன்னவுடன் உள்ளே எதுவோ கழன்றது. எழுந்து போய், செல்வி படுத்திருந்த அறையின் கதவுக்கு வெளியே முழங்காலிட்டேன். மெழுகுதிரி இல்லை, மொட்டை இல்லை. “தாயே, கயிறு கட்டினவன் நான். பதினெட்டையும் நானே அறுக்கிறேன். இவளைக் கொடு” என்றேன். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. நர்ஸ் கூப்பிட்டாள். ஓடினேன். செல்வியின் இமை அசைந்தது. திறந்தது. கண்கள் என் முகத்தைத் தேடி வந்தன. உதடு நடுங்கியது. குனிந்து காதை வைத்தேன். மூன்றாம் நாள் என் மனைவி சொன்ன முதல் வார்த்தை இது:

“அந்தச் சட்டைய மாத்துங்க. மீன் தண்ணி நாத்தம் கொடலப் புடுங்குது.”

அதுவரை நான் மாற்றவே இல்லை. சனிக்கிழமை போட்ட சட்டை. வராண்டாவுக்கு வந்து அழுதேன், சிரித்தேன், சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றேன். நர்ஸ் மிரண்டுபோனாள். என்னைப் பொறுத்தவரை அது செல்வி மட்டும் பேசியது அல்ல.

அவள் பிழைத்தாள். பதினாறு தையல். இடது காதில் கொஞ்சம் மந்தம். “நீங்க பேசுறதுல பாதி கேக்காம இருக்குறதும் மாதா குடுத்த வரம்தான்” என்கிறாள்.

வீடு திரும்பிய மறுநாள் என் வண்டியின் கயிற்றை அறுத்தேன். அடியில் ஒரு நீல டிரம்மைப் பட்டைக் கம்பியால் கட்டி, குழாய் பொருத்தினேன். ஐஸ் தண்ணீர் அதில் இறங்கும். போய்ச் சேருகிற இடத்தில் சாக்கடையில் திறந்துவிடலாம். இன்னாசி இரண்டாவது. பிறகு ஜெட்டிக்குப் போனேன். மீதிப் பதினாறு பேரும் டீக்கடையில் இருந்தார்கள்.

“ஏலே, கட்டிக் குடுத்தவனே அறுக்க வந்துட்டான் பாரு!”

“மாதா சூசைக்கு ஆர்டிஓ வேல போட்டுக் குடுத்துருக்கா போல!”

“அண்ணே, டிரம்மைக் கட்டிக்கிட்டுத் திரிய இதென்ன தண்ணி லாரியா?”

சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால். மூன்று நாள் போனேன். ஒருவரும் அசையவில்லை. நாலாவது நாள் செல்வி தானும் வருகிறேன் என்றாள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். டீ வாங்கிக் குடித்தாள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு தலையிலிருந்த முக்காட்டை எடுத்தாள். மழித்த தலை. குறுக்கே தையல் தழும்பு, கிழிந்த வலையைத் தைத்த தடம் மாதிரி.

“எனக்குப் பதினாறு. ஒங்க வீட்டுப் பொம்பளையளுக்கு எத்தன வேணும்னு இங்கன சொல்லிட்டுப் போங்க. டாக்டர்ட்ட எழுதிக் குடுத்துர்றேன்.”



ஒருவன் எழுந்தான். முதல் நாள் ஆர்டிஓ என்று சொன்னவன். “கத்தியக் குடு சூசை” என்றான்.

அன்று மத்தியானத்துக்குள் பதினாறு கயிறுகளும் அறுந்தன. செல்வி அவற்றைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்தப் பந்து இன்று எங்கள் வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்தின் காலடியில் இருக்கிறது. பூவை விட அதைத்தான் தினமும் துடைக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருவிழாவில் நம் வண்டிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பது வழக்கம். இந்த வருடம் செல்வி பங்குச்சாமியிடம் போய் ஒரு யோசனை சொன்னாள். சாமி முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு அப்படியே செய்தார். ஒவ்வொரு வண்டியிடமும் வந்து, அங்கியை மடித்துக்கொண்டு குனிந்து, அடியில் கையைவிட்டுப் பார்த்தார். கை காய்ந்து வந்தால் தீர்த்தம். ஈரமாக வந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். வெளியூரிலிருந்து வந்த ஒருவன் மட்டும் வரிசையைவிட்டு விலகி, முகம் சிவந்து, ஒர்க்ஷாப்புக்கு ஓடினான். கீழே ஒழுகினால் மேலே தீர்த்தம் இல்லை! எந்த ஊர்த் திருவிழாவில் இப்படிப் பார்த்திருக்கிறீர்கள்? எங்கள் ஊரில் பார்க்கலாம்.

பெருமைப்படாதே என்று மறையுரையில் கேட்டிருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள், படுகிறேன். தண்ணீர் பீய்ச்சுவதைக் காட்டிப் பீற்றிய அதே வாயால், பதினெட்டு டிரம்களையும் உச்சிப்புளி வளைவையும் காட்டிப் பெருமைப்படுகிறேன். பைக்கில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து, மல்லிகையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வருகிற என் மனைவியைப் பார்த்துப் பெருமைப்படுகிறேன். வளைவு வந்தால் அவள் என் தோளைத் தட்டுகிறாள். நான் வேகத்தைக் குறைக்கிறேன். முந்துகிறவர்கள் முந்தட்டும்.

காதர் பாய் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, தார்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்கிறார். போன வாரமும் செய்தார். “அண்ணே, வெயிலுக்குச் சுடுது. காஞ்சு கெடக்கு. தங்கச்சிட்ட சொல்லுங்க.” சொன்னேன். கேட்காத காதைத் திருப்பிக்கொண்டு, கேட்கிற காதால் இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அன்பானவர்களே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் வரும். அப்போது கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். தாய் தருவாள், சாட்சி நான் இருக்கிறேன். ஆனால் முழங்காலிடும் முன் ஒரு தடவை எழுந்து உங்கள் வண்டிக்குப் பின்னால் போய், குனிந்து, அடியில் கையைவிட்டுப் பாருங்கள். கை காய்ந்து வரட்டும்.