சர்வேயர் வரும் வரை

திற்பரப்புக்குப் போகிற ரோட்டில், ரோட்டை விடத் தாழ்வாக நான்கு கடைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. சாயாக்கடை, தையல் கடை, முடி வெட்டும் கடை, கடைசியில் என் ஜெராக்ஸ் கடை. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். அம்மா முந்திரிக் கொட்டை உடைக்கிற அண்டி ஆபீசுக்குப் போகிறாள். வீட்டில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான். வேலை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் பேங்கில் லோன் போட்டுப் பெரிய மெஷின் ஒன்று வாங்கினேன். அது ஓடினால் ஊரில் இருப்பேன். நின்றால் சித்தி மகனைப் போல கல்ஃப்தான். நான் போக விரும்பவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அணையைத் திறந்து விட்டார்கள். கோதையாறு பின்பக்கத் தோட்டம் வழியாக ஏறிக் கடைகளுக்குள் வந்தது. விடிந்து பார்த்தபோது ஆறு இறங்கியிருந்தது. சேறு மட்டும் இருந்தது. மெஷினின் கீழ்த்தட்டைத் திறந்தால் பேப்பர் இருந்த இடத்தில் களிமண்.

பேங்கில் கேட்டபோதுதான் லோனோடு சேர்த்து இன்சூரன்ஸும் போட்டிருப்பது தெரிந்தது. அவர்கள் கொடுத்த நம்பருக்கு அழைத்தேன். ஒரு பெண் குரல் பொறுமையாகச் சொன்னது: சர்வேயர் என்று ஒருவர் வந்து சேதத்தைப் பார்ப்பார், அவர் வரும் வரை எதையும் நகர்த்தக் கூடாது, கழுவக் கூடாது. சரி மேடம் என்றேன். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் நான். சொன்னதைச் சொன்னபடி செய்தால் மார்க் உண்டு.

எங்கள் பக்கம் வெள்ளம் இறங்கினால் யாரும் தன் கடையைத் தனியாகக் கழுவுவதில்லை. வரிசையாகப் போவோம். சாயாக்கடைதான் முதலில், அடுப்பு எரிந்தால்தானே எல்லோருக்கும் சாயா கிடைக்கும். அன்றும் அப்படியே நடந்தது. நானும் வாளி தூக்கினேன். தையல்கார அக்காவின் மெஷின்களைத் தூக்கி வெளியே வைத்துத் துடைத்தோம். முடி வெட்டும் கடையின் நாற்காலியைக் கழுவியபோது சாயாக்கடை அண்ணன் அதில் உட்கார்ந்து, "ஒரு ஷேவிங்கும் எடுத்திரு மக்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு கூட்டுகிற வாரியலும் வாளியுமாக என் வாசலுக்கு வந்தார்கள்.

நான் படியில் ஏறி நின்றேன். "வேண்டாம் அண்ணா."

"என்னடே வேண்டாம்?"

"இன்சூரன்ஸ்ல இருந்து ஆளு வந்து பாக்கணும். அது வர கழுவப்பிடாதாம்."

"வந்து என்னத்தப் பாப்பான்? சேத்தையா?"

"ஆமா."

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியளா, சேத்தப் பாக்கதுக்கு ஆளு வருவானாம்." அதற்கும் சிரிப்புதான். ஆனால் தையல்கார அக்கா சிரிக்கவில்லை.

"இப்படி ஒண்ணு உண்டும்னு நீ எங்ககிட்ட சொன்னதே இல்லியே தம்பி."

"எனக்கே தெரியாதுக்கா. லோன் கூடவே போட்டது."

அது உண்மை. ஆனால் பென்ஷன், ரேஷன் கார்டு என்று ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக் கொடுக்கிற என் வாயிலிருந்து வந்தபோது எனக்கே பொய் மாதிரிதான் கேட்டது. அக்கா தலையாட்டிவிட்டு வாரியலைச் சுவரில் சாய்த்தாள். எல்லோரும் போனார்கள்.

சர்வேயர் மறுநாள் வரவில்லை. ஆற்றோரம் முழுக்க நனைந்து கிடந்ததே, எத்தனை இடம் பார்ப்பார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் படியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கடை தள்ளித் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. என் கடை நாற ஆரம்பித்தது. சாயா வாங்க வந்தவர்கள் கிளாசோடு நகர்ந்து மறு ஓரத்துக்குப் போனார்கள்.

"என்னடே, சேத்த அடைகாக்கியா?" என்று சாயாக்கடை அண்ணன் கேட்டார். "எத்தன குஞ்சு பொரிக்கும்?"

நானும் சிரித்து வைத்தேன். அன்று சாயா குடிக்கப் போகவில்லை.

அம்மா தன் லீவு நாளில் வந்தாள். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டுதான் பஸ்ஸை விட்டே இறங்கினாள். தடுத்தேன்.

"நாலு பேரு வந்து போற எடம் மக்களே. இப்படிப் போட்டிருக்கியே."

"அவங்க வந்து பாக்கணும்மா."

"கழுவினா நனஞ்சது நனயாததுன்னு ஆயிருமா?"

எனக்கும் தெரியவில்லை. போனில் கேட்டதையே திரும்பச் சொன்னேன், அந்தப் பெண் பேசிய தமிழிலேயே.  அம்மா செருகிய சேலையை இறக்கி விட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனாள். முந்திரித் தோட்டின் பால் பட்டுக் கறுத்த விரல்கள் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தன.

ஒருவழியாக சர்வேயர் வந்தார். களைத்த மனிதர், ஷூவெல்லாம் சேறு. சுவரில் தண்ணீர் ஏறிய அடையாளத்தை டேப் வைத்து அளந்தார். மெஷினுக்குப் பின்னால் குனிந்து அதன் நம்பரைப் போட்டோ எடுத்தார்.

"எதையும் தொடலயே தம்பி?"

"இல்ல சார்."

"நல்லது. நேத்து ஒரு கடைக்குப் போனா, எல்லாத்தையும் கழுவித் துடைச்சு சந்தனம் வச்சிருக்காங்க. நான் எதைப் பாத்து எழுத?"

அந்த நாட்களில் என்னைச் சரி என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். ஒரு சாயா குடித்துவிட்டுப் போங்கள் சார் என்றேன். இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று பைக்கைக் கிளப்பினார்.

அதன் பிறகு தனியாகக் கழுவினேன். சேறு தரையோடு இறுகிவிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொத்தனார் கரண்டியால் சுரண்ட வேண்டியிருந்தது. யாருக்கும் என் மேல் கோபம் இல்லை. அண்ணன் வாசலில் நின்று, "இன்சூரன்ஸ்காரன் கழுவித் தரமாட்டானா மக்கா?" என்று கேட்டுவிட்டு, வந்த ஆளுக்கு சாயா ஆற்றப் போனார்.

கிளெய்ம் கிடைத்தது. தாமதமாகத்தான், ஆனாலும் கிடைத்தது. புது மெஷின் வந்தது. கல்ஃபுக்குப் போகவில்லை. இதை எழுதுவதும் அந்தக் கடையில் இருந்துதான்.

அடுத்த மழைக்காலத்தில் அணை திறக்கிறார்கள் என்று மைக் கட்டிய ஆட்டோ சொல்லிப் போனது. பக்கத்தில் ஆட்கள் கூடுவது கேட்டது. "அந்தப் பக்கம் பிடி", "ஏலே, மெதுவா." தையல் மெஷின்கள் மேசை மேல் ஏறின. சாயாக்கடை சர்க்கரை மூட்டை பரணுக்குப் போனது. நான் வெளியே வந்து நின்றேன்.

"அண்ணா, என் மெஷினையும் கொஞ்சம்..."

அண்ணன் திரும்பினார். கிண்டல் இல்லை; நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ஒனக்கு என்னத்துக்குடே பயம்? ஒனக்குத்தான் ஆளு வருமே."

சரி அண்ணா என்றேன். உள்ளே வந்து, பின்பக்கம் கிடந்த செங்கல்லை அள்ளி வந்தேன். அந்த மெஷினை ஒரு ஆள் தூக்க முடியாது. ஆனால் கம்பி கொடுத்து நெம்பினால் ஒரு மூலை எழும்பும். எழும்பியதும் காலால் கல்லை அடியில் தள்ளினேன். பிறகு அடுத்த மூலை.