நின்று நின்று ஓடிய பாட்டு

என் அக்கா ஜன்னல் திரை தைப்பவள். வீட்டு முன்னறையில் காலையிலிருந்து மிஷின் கடகடவென்று ஓடும், பக்கத்தில் போனில் பாட்டு. நான் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்ப்பவன். மட்டமான சத்தம் கேட்டால் எனக்குப் பல் கூசும். அவள் பணம் கட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ஆப் அந்த ரகம்தான்.

என்னால் சும்மா இருக்க முடியுமா? ஒரு வாரம் இன்னும் மூன்று ஆப்பில் ஒரே பாட்டை மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்றில் வயலின் தகரத்தைக் கீறியதுபோல இருந்தது. இன்னொன்றில் பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது, ஆனால் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். மூன்றாவதுதான் சரி. சத்தம் சுத்தம், அக்கா கட்டுவதில் பாதி விலை, வீட்டில் ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாட்டு கேட்கலாம்.

ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டேன். "எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மிஷின் சத்தத்துல எனக்கு எது கேட்டா என்னடா? பழசே போதும்."

கழற்றி வைத்துவிட்டுத் தன் பாட்டைப் போட்டாள். பாதியில் நின்றது. 'வேறொரு போனில் பாடுகிறது' என்று திரையில் வந்தது. ஒரே கணக்கில் ஒருவர் தொடங்கினால் மற்றவருக்கு நின்றுவிடும். இப்போது தொடங்கியவன் அவள் பையன்.

"பாத்தியா! காசு கட்டுறது நீ, கேக்குறது துரையா?"

"நீ உன் வேலையைப் பாரு," என்று மறுபடி தட்டினாள்.

பையன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருஷம். படிப்பைப் பாதியில் விட்டான் என்று, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்று கத்திவிட்டாள். அவனும் மிதிக்கவில்லை, ஒரு போன்கூடக் கிடையாது. பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களா என்ன!

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பழைய கணக்கையே மூடிவிட்டுப் புது ஆப்பைப் போட்டுவைத்தேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பாட்டு தடங்கலில்லாமல் ஓடியது. அக்காவால்தான் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மிஷினை நிறுத்திப் போனைப் பார்ப்பாள், தைப்பாள், மறுபடி நிறுத்துவாள். தைத்த ஓரமெல்லாம் கோணல். மூன்றாம் நாள் வாய்விட்டே கேட்டாள்.

"என்னடா, பாட்டு நிக்கவே மாட்டேங்குது? காலையில எட்டரைக்கு பஸ் ஏறுவான் போல, ஒரு தடவை நிக்கும். வேலை முடிஞ்சா ஒரு தடவை. பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாச்சும்..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செய்ததைச் சொன்னேன்.

"பாவி! அவன் நல்லா இருக்கான்னு எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணாலதானேடா!"

பதறிப்போய்ப் பழைய கணக்கைத் திறக்கப் பார்த்தேன். மூடினது மூடினதுதான். தட்டிக்கொண்டிருக்கும்போதே என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மாமா..." அவன்தான். "மூணு நாளா பாட்டு வரலை, கணக்கே இல்லேங்குது. அம்மா தைக்க உக்காந்தா என் பாட்டு நின்னுடும், சரி, இருக்காங்கன்னு நினைச்சுப்பேன். மாமா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? சொல்லுங்க மாமா!"

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"இருக்கேன்டா," என்றாள். "நான் இருக்கேன்டா."