புயலுக்கு முந்திய பின்னல்

முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்க்கிறாள் ஹெர்மினா. சன்னல் பலகையைக் கட்டிய கயிற்றில் கணவன் லென்னாக்ஸ் போட்ட முடிச்சு அது. "இது முடிச்சா, கல்யாண ரிப்பனா?" என்று அவிழ்த்துத் தானே போடுகிறாள். தலை பின்னியே குடும்பத்தை நடத்தும் விரல்கள் அவை. லென்னாக்ஸ் கோபித்துக்கொள்வதில்லை, சுத்தியலோடு அடுத்த சன்னலுக்கு நகர்ந்துவிடுவான்.

கரீபியன் தீவான டொமினிக்காவின் தென்கரையில் புயல் வருகிறதென்று வானொலி சொன்னால் ஆண்கள் ஆணி வாங்கப் போவார்கள். பெண்கள் ஹெர்மினாவின் வராந்தாவுக்கு வருவார்கள். அடித்து ஓய்ந்தபின் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராது. உச்சந்தலையை ஒட்ட இறுக்கிப் பின்னிக்கொண்டால் சீப்பும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையை இடுக்கியபடி ஹெர்மினா அங்கிருந்தே கணவனையும் இரண்டு மகள்களையும் ஆள்வாள்.

"ஸெலி, பீப்பாயை ரொப்பினியா? கெமா, ஆட்டை அவுத்து விடுடி, எங்க ஒதுங்கணும்னு அதுக்குத் தெரியும். லென்னாக்ஸ், தேங்காயெல்லாம் வெட்டியாச்சா? காத்துல அது பீரங்கிக் குண்டு!"

புயலின் பெயரை அவள் வாயால் சொல்லமாட்டாள். "பேர் சொல்லிக் கூப்பிட்டா, வந்து உக்காந்து சோறு கேப்பான்." பிறப்புச் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றிச் சலவை இயந்திரத்துக்குள் வைத்துப் பூட்டுவாள். "உள்ள இருக்கிற தண்ணியே வெளிய வராது. வெளிய இருக்கிறது உள்ளயா போகும்?"

பக்கத்து மரவீட்டில் தனியாக இருப்பவள் ஒடெட், லென்னாக்ஸின் அக்கா. முந்தைய புயல் அவள் கூரையிலிருந்து ஒரு சிவப்புத் தகரத்தைப் பிய்த்து இவர்களுடைய கொய்யா மரத்தில் போட்டது. ஹெர்மினா அதை எடுத்துத் தன் அடுப்படிக்கு மேல் அடித்துவிட்டாள். ஒடெட் வந்து கேட்டபோது, "காத்து குடுத்தது. காத்துகிட்டப் போய்க் கேளுங்க" என்றாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒடெட் ஊரின் மறுகோடிக்குப் போய், தொளதொளவென்று பின்னிக்கொண்டு வருவாள்.

சென்ற செப்டம்பரில், கடல் ஈயநிறமாகி வாழைகள் படுக்கத் தொடங்கிய மதியத்தில், லென்னாக்ஸ் அக்காவை அழைக்கப் போனான். தனியாகத் திரும்பினான்.

"கூப்பிட வேண்டியவ கூப்பிடட்டும்னு சொல்லுது."

ஹெர்மினா கையிலிருந்த பின்னலை முடித்தாள். பின்னிக்கொள்ள வந்த பெண்ணை அவள் வீட்டுக்கு விரட்டினாள். சீமைப்பலாவும் உப்புமீனும் வெந்த சட்டியைக் குளியலறைக்குள் நகர்த்தினாள்; வீட்டில் அதற்கு மட்டும்தான் காங்கிரீட் கூரை. மகள்கள் இருவரின் கழுத்திலும் விசில் கட்டினாள். "சுவர் விழுந்தா கத்தாதீங்க, தொண்டை போயிடும். ஊதுங்க." பிறகு குனிந்து, வேலியைப் பிடித்துப் பிடித்து, பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

ஒடெட் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. மடியில் பெட்டி.

"நான் ஒண்ணும் உங்களைக் கூப்பிட வரல, அண்ணி."

"பின்ன எதுக்குடி வந்த?"

"உங்க தம்பி ஆணி அடிக்காம இந்த வீட்டையே பாத்துட்டு நிக்கிறான். எழுந்திருங்க."

"என் தகரம்?"

"வாங்க, வந்து ஏறிப் புடுங்கிக்குங்க. இப்பத்தான் நல்ல நேரம்."

வீடு ஒருமுறை ஆடியது. ஒடெட் பெட்டியை நீட்டினாள். "இதைப் பிடி. கனமா இருக்கு."

பொழுது சாய்வதற்குள் அடித்தது. ஒடெட்டின் வீட்டில் அடித்தளம் மட்டும் நின்றது. மேலே ஒன்றும் மிஞ்சவில்லை. ஹெர்மினாவின் வீட்டிலும் காங்கிரீட்டைத் தவிர மற்ற கூரையெல்லாம் போயிற்று. குளியலறைக்குள் இருந்த ஐவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அந்தக் காற்றில் கூரையின் முதல் தகரம் உரிந்தபோது எழுந்த சத்தம் பன்றி அறுக்கிற சத்தம் போலிருந்தது. கதவுக்கு முட்டுக் கொடுத்த மெத்தையில் முதுகைச் சாய்த்து லென்னாக்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். மகள்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒடெட் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தாள். அதை விட்டுக் காதைப் பொத்த மனம் வரவில்லை. அவளைத் தன் பக்கம் இழுத்து, ஹெர்மினா தன் இரு உள்ளங்கைகளாலும் அவள் காதுகளை இறுக்கப் பொத்தினாள்.