அப்பாவைக் கொல்லாத ஒரு வேஷம்

இன்று காலை பூந்தமல்லி இ-சேவை மையத்தில்…

கவுன்டரில் இருந்த பெண் அம்மாவின் வெறும் நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "வீட்டுக்காரர் பேருக்கு முன்னாடி லேட்னு போட்டுடவாம்மா?"

பக்கத்தில் ஃபைலோடு நின்ற அப்பா சொன்னார்: "இங்கதாம்மா கீறேன். நானுந்தான் லைன்ல நின்னேன்."

அந்தப் பெண்ணுக்கு வியர்த்துவிட்டது. அப்பாவுக்குக் கோபமே வரவில்லை.

அவருக்கு இது பழக்கம். தொண்ணூறுகளில் என் அப்பா சினிமாவில் பலமுறை செத்திருக்கிறார். (அதில் ஒரே ஒரு படத்தைத் தவிர வேறெதிலும் அவர் தலைகூடத் தெரியாது.)

விளக்கிச் சொல்கிறேன்.

என் அம்மா எஸ்தர் கல்யாணத்துக்கு முன்பே நாடகத்தில் நடித்தவர். காட்டுப்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகு சினிமாவில் சின்னச் சின்ன வேஷங்கள். நடிப்பு என்றால் உயிர். சோறு வடிக்கும்போதும் வசனம் பேசிக்கொண்டிருப்பார்.

பிறகு முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். எங்கள் சபையில் பொட்டு, பூ, நகை மூன்றும் கூடாது. தாலியும் நகைக் கணக்குதான்.

பாஸ்டர் சொன்னார்: "சினிமாவே வேணாமேம்மா."

"ஐயா, இந்த மூணும் இல்லாத வேஷம் வந்தா மட்டும் போறேன். வரலைன்னா தேவ சித்தம்னு ஊட்டுல உக்காந்துடறேன்."

அப்படி ஒரு வேஷம் எங்கே வரப்போகிறது என்ற நம்பிக்கையில் பாஸ்டர் தலையாட்டிவிட்டார்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. தமிழ் சினிமாவில் பொட்டு, பூ, நகை இல்லாத பெண் என்றால் வேறு யார்? விதவைதான்.

அம்மாவுக்கு வேஷம் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அண்ணனுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மற்ற நடிகைகள் விதவை வேஷமென்றால் சகுனம் பார்ப்பார்கள். அம்மா வீட்டிலிருந்து வந்த கோலத்திலேயே கேமரா முன்னால் போய் நிற்பார்.

இந்தப் பக்கம், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா சாக ஆரம்பித்தார். ஒரு படத்தில் லாரி மோதி. ஒன்றில் பாம்பு கடித்து. ஒன்றில் காரணமே சொல்லவில்லை, சும்மா செத்துப்போனார்.

முதலில் அவரும் சிரித்தார். கம்பெனியில் "இன்னா மாமே, இந்த வாரம் எப்டி செத்த?" என்று கேட்கத் தொடங்கியதும் சிரிப்பு குறைந்தது.

ஒருநாள் கரையான்சாவடி பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுலயே இப்டி ஆயிடுச்சே உனக்கு" என்று அழுதாள். அப்பா காய்கறிப் பையோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "எஸ்தரு, உன் விசுவாசத்த நான் ஒண்ணும் சொல்லல. ஒரே ஒரு படத்துலயாவது என்ன உசுரோட வுடேன். மனசுக்கு ஒரு மாதிரியா கீது."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் அது புரிந்தது.

"இனிமே விதவை வேஷம் வேணாங்க."

அப்படியென்றால் வேஷமே கிடையாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதன்பிறகு சோறு வடிக்கும்போது அம்மா வசனம் பேசவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை.

நாலு மாதம் கழித்து ஏஜென்ட் அண்ணன் வந்தார். ஹீரோவுக்கு அம்மா. புருஷன் உயிரோடு இருக்கிறார். மூன்று பக்க வசனம். ஆனால் நெற்றி நிறையப் பொட்டு.

அம்மா முடியாது என்று சொல்லவில்லை. எங்களையும் கூட்டிக்கொண்டு, முகப்பேரில் ஷூட்டிங் நடந்த வீட்டுக்கே போய் டைரக்டரைப் பார்த்தார்.

"சார், அந்த அம்மாவ கிறிஸ்துவ அம்மாவா மாத்திடுங்க. பொட்டில்லாம அதே வசனத்த நான் பேசறேன்."

பேசியும் காட்டினார். மூன்று பக்கமும். லைட் தூக்கிக்கொண்டு போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

டைரக்டர் தலையைச் சொறிந்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா புருஷன் உயிரோட இருக்கார்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"நா வேணா பக்கத்துல ஒக்காந்துக்கவா சார்?"

இப்படித்தான் என் அப்பா நடிகரானார். வசனம் கிடையாது. அம்மா பேசப் பேச, பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். அன்றைக்கு மட்டும் பதினேழு காபி.

படம் பூந்தமல்லிக்கு வந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு அம்மா தியேட்டருக்குள் வந்தது அன்று மட்டும்தான். அப்பா கம்பெனி ஆட்களையும் திரட்டி வந்திருந்தார். காபி டம்ளரோடு அவர் திரையில் தெரிந்ததும் விசில் பறந்தது. அம்மா பேசும்போது தியேட்டரே அமைதியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இடைவேளை முடிந்தது.

திரையில் அதே வீடு. சுவரில் அப்பாவின் போட்டோ. அதற்கு ஒரு மாலை. போட்டோ நெற்றியில் எட்டணா அளவுக்குக் குங்குமப் பொட்டு.

ஹீரோவுக்குப் பொறுப்பு வரவேண்டும் என்று கதையை நடுவில் மாற்றிவிட்டார்களாம். அது கிறிஸ்தவ வீடு என்பதைப் போட்டோவுக்கு மாலை போட்டவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அம்மா பதறிப்போனார். "கர்த்தர் அறிய எனக்குத் தெரியாதுங்க."

அப்பா திரையைக் காட்டிச் சொன்னார்:

"வுடு எஸ்தரு. இண்டர்வெல் வரிக்கும் இருந்தேன்ல. ஜனங்க பாத்துட்டாங்க, அது போதும். ஆனா பாரு, நீ வேணாம்னு சொன்ன பொட்ட எனக்கு வெச்சிட்டானுங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்து, "சாவு வூட்ல இன்னாம்மா சிரிப்பு?" என்று அதட்டினார்.

அடுத்த மாதமே அம்மா மறுபடி விதவையானார். வடபழனி ஸ்டுடியோவுக்கு பஸ் ஏற்றிவிட்டது அப்பாதான்.