மாமி கழுவிய மீன்தொட்டி

அக்காவின் மாமியாரை எனக்குப் பிடிக்காது. அவர் செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. செத்துப்போனதற்காக ஒருவரை நல்லவராக்கிவிட என்னால் முடியாது. அவருடைய மகனை, அதாவது அத்தானை, வெறுக்கக்கூட எனக்கு மனம் வந்ததில்லை. வெறுப்பதற்கும் ஆளிடம் ஏதாவது இருக்கவேண்டும்.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, வெளியேற ஆமிப் பாஸ் எடுத்து, வவுனியாவில் அக்கா வீட்டுக்கு ஒருவழியாக வந்து சேர்ந்து, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். ஊரில் பாதிச் சனம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த நேரம் அது. அத்தானுக்கு அப்போதுதான் மீன்தொட்டி தேவைப்பட்டது. அரிசி மில் வைத்திருந்த மனிதர். கொழும்பில் யாரோ பெரிய மனிதரின் வீட்டில் தொட்டியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறார். கண்ணாடித் தொட்டி, காற்றடிக்கும் பம்ப், வெள்ளைக் கூழாங்கல், பொலித்தீன் பைகளில் மீன் என்று எல்லாவற்றையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கோல்ட் பிஷ், ஏஞ்சல், ஒரு கூட்டம் கப்பி. தொட்டியில் தண்ணீர் விட்ட அன்றைக்கே அத்தனையையும் உள்ளே கொட்டினார்.

"மச்சாள், பாத்தியளே? வவுனியாவில ஒருத்தரிட்டையும் உப்பிடி ஒண்டு இல்லை," என்றார்.

தொட்டியில் தண்ணீரைவிட மீன் அதிகம் போலிருந்தது. அதைச் சொன்னேன். சிரித்தார். அவருக்குக் காது கேட்கும், ஆனால் பெண்கள் சொல்வது கேட்காது.

மாமிக்கு வெள்ளிக்கிழமை என்றால் சன்னதம். விடிய எழும்பி வீடு முழுக்கக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, விளக்குக் கொளுத்தும்வரை யாரும் தேத்தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தொட்டியும் ஹோலில்தான் இருந்தது, ஆகவே அதற்கும் கழுவல். மீன்களை வாளியில் அள்ளிப் போடுவார். தண்ணீர் முழுவதையும் முற்றத்தில் கவிழ்ப்பார். கூழாங்கற்களுக்குக் கொதிதண்ணீர் ஊற்றி, தேங்காய்ப் பொச்சால் தேய்த்து, பாயில் பரப்பி வெயிலில் காயவைப்பார். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைப்பார். பிறகு கிணற்றுத் தண்ணீர். தொட்டி பளிங்குபோல நிற்கும். மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்து நிற்பார், ஏதோ கோயில் கட்டி முடித்தவர் மாதிரி.

மற்ற நாட்களில் தீன் போடும் வேலை அக்காவுடையது. அக்கா மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. தன் வீட்டுக்கு வந்தவர் யாரும் வெறும் வயிற்றோடு போனதில்லை என்பது மாமியின் பெரிய எடுப்பு. அந்த எடுப்பு மீனுக்கும் நீண்டது. வருகிற சனத்தை எல்லாம் தொட்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய், "ஒரு பிடி போடுங்கோவன், அதுகளும் சீவன்தானே," என்பார். ஒருவர் பாண் பிய்த்துப் போடுவார். இன்னொருவர் சோறு. வடைத் தூள் மிதந்ததையும் கண்டிருக்கிறேன். மீன் தின்றது கொஞ்சம், அடியில் கிடந்து அழுகியது மிச்சம்.

வெள்ளி, சனி மீன்கள் துள்ளித் திரியும். புதன், வியாழன் ஆனால் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செவுள் சிவந்திருக்கும். பிறகு ஒன்று சரிந்து மிதக்கும். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, மாமி கழுவி ஊற்றுவார், மிஞ்சியது தெளிந்து ஓடத் தொடங்கும். இதை வைத்து மாமி ஒரு தீர்ப்பு எழுதினார்.

"நான் கை வைச்சால் துள்ளுதுகள். உவள் கை வைச்சால் சாகுதுகள். உவளின்ர கைராசி அப்பிடி. உவளின்ர கைக்கு ஒண்டும் தங்காது."

ஹோலில் விருந்தாளிகள் இருந்தார்கள். அக்கா தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள். அத்தான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே பேப்பரைக் காலையிலும் பார்த்தவர்.

தங்காது என்று மாமி சொன்னது மீனை மட்டும் அல்ல என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. அதைப் பெரியாஸ்பத்திரி டொக்டர் ஒருவிதமாகச் சொன்னார், மாமி ஒருவிதமாகச் சொன்னார். அந்த வீட்டில் டொக்டரின் கதை எடுபடவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா கிணற்றடியில் என்னிடம் சொன்னாள், திரும்பவும் வயிற்றில் இருக்கிறது என்று. அத்தானுக்கும் இன்னும் சொல்லவில்லையாம்.

"ஏனக்கா அழுறாய்? நல்ல விசயம்தானே?"

"என்ர கைக்கு மீனே தங்கேல்லை. இது எப்பிடித் தங்கும்?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல. ஒரு கிழவி கல்லைத் தேய்க்கிற தேய்ப்பில் என் அக்கா தன் கையையே சந்தேகப்படுகிறாள்! சில கிழமைகளாகவே அவள் பூ ஆய்வதில்லை, தயிருக்கு உறை விடுவதில்லை. கையைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு திரிந்தாள். அதன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"விசர்க் கதை கதைக்காதை," என்றேன். "மீன் ஒண்டுக்குப் போறது எங்கை? உந்தத் தண்ணிக்குள்ளதானே? சோறும் பாணும் அழுகிறதும் அதுக்குள்ளதான். எல்லாம் சேர்ந்து அமோனியா ஆகுது. கழுவாத கக்கூசுக்குள்ள போனால் கண்ணைக் கரிக்குமே, அந்தச் சாமான். அதுகள் அதுக்குள்ளதான் மூச்சு விடுதுகள்."

"அப்ப மாமி கழுவினால் ஏன் சுகமா நிக்குதுகள்?"

"புதுத் தண்ணியில அது இல்லை. அவ்வளவுதான். ஆனா கல்லில வழுவழுப்பா ஒரு ஊத்தை பிடிக்கும் பார், அதில இருக்கிற பற்றீரியாதான் அமோனியாவைத் தின்னுறது. அது பெருக முதல் அவா கொதிதண்ணி ஊத்திக் கொல்லுறா. வெள்ளிக்கு வெள்ளி அது புதுத் தொட்டிதான். பிறகெப்பிடி மீன் இருக்கும்?"

"நீ படிச்சனி. உன்னட்டை எல்லாத்துக்கும் ஒரு விளக்கம் இருக்கும்," என்றாள் அக்கா. நம்பவில்லை.

மாமியிடமும் சொல்லிப் பார்த்தேன். நைதரசன் வட்டத்தை வருடாவருடம் கரும்பலகையில் கீறி, அம்புக்குறி போட்டு, மக்குப் பிள்ளைகளுக்கும் விளங்கவைத்தவள் நான். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்கட படிப்பைப் பள்ளிக்கூடத்தில வைச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர். ஊத்தையில சீவன் தழைக்குமே? நல்ல கதை!"

அத்தான் தன் பங்குக்கு நீல மருந்து ஒன்றை வாங்கி ஊற்றினார். தொட்டி நீலமானது. கடைசி ஏஞ்சலும் செத்தது. இப்போது மிஞ்சியவை மூன்று கப்பிகள். அவையும் மேலே வந்து வாயைத் திறக்கத் தொடங்கிவிட்டன. அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. மூன்றும் செத்தால் அவள் தன் வயிற்றுப் பிள்ளையையும் மனதுக்குள் புதைத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

நல்லகாலம், கொழும்பில் ஒரு சொந்தக்காரக் கலியாணம் வந்தது. மாமியும் அத்தானும் பட்டும் நகையுமாய்ப் புறப்பட்டார்கள். போகிற இடத்தில் தங்கி, சனத்தைப் பார்த்து, புழுகித் திரிந்துவிட்டு வர எப்படியும் நாள் எடுக்கும். படலை சாத்திய சத்தம் கேட்டதும் நான் அக்காவை எழுப்பி இழுத்துக்கொண்டு தெருக்கோடிக் குளத்துக்குப் போனேன்.

குளத்து ஓரத்தில் பாசி பிடித்த சிறுகற்களும் கொஞ்சம் மணலும் ஒரு பிடி வேலம்பாசிச் செடியும் எடுத்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அக்கா வாளியை என் பக்கம் தள்ளினாள்.

"நீ போடு."

"நீதான் போடவேணும்."

"வேண்டாமடி. என்ர கையாலை வேண்டாம்."

"உன்ர கையாலைதான். இல்லையெண்டால் நான் உந்த வாளியை முற்றத்தில கொட்டிப்போட்டுப் போறன்."

நான் கொட்டியிருக்க மாட்டேன். அவளுக்கும் அது தெரியும். இருந்தாலும் சேலைத் தலைப்பிலிருந்து கையை வெளியே எடுத்து, கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டியின் அடியில் வைத்தாள். பாசியைக் கடைசியாக நட்டாள்.

தீனை நிறுத்தினோம். பிறகும் விரல் நுனியில் ஒட்டுகிற அளவுதான். அந்தக் கிழமை கிணற்றுக்குச் சுகாதாரக்காரர் குளோரின் போட்டிருந்தார்கள், அதனால் தண்ணீரை அள்ளி ஒரு நாள் திறந்து வைத்து, தினமும் தொட்டியில் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் விட்டோம். விட்டோம் என்ன, அக்காதான் விட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டைக் கழுவினோம், தொட்டியைத் தொடவில்லை. புதன் வந்தது. வியாழன் வந்தது. மூன்று கப்பியும் பாசிக்குள் கீழே திரிந்தன, ஒன்றாவது மேலே வந்து வாயைத் திறக்கவில்லை. அக்கா கதிரையை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டாள். உலை கொதித்து வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் குசினியில் நின்ற என்னை அவள் கத்திக் கூப்பிட்டாள். பயந்து ஓடினேன். பாசிக்குள் கண்ணும் வாலுமாய்த் துரும்பு துரும்பாகக் குஞ்சுகள். கப்பி முட்டை இடாது, குஞ்சாகவே போடும். அக்கா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள்.

அவர்கள் திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்கள் அதிர்ஷ்டம் அப்படி. கண்ணாடியில் பச்சை படர்ந்திருந்தது, தண்ணீர் லேசான மஞ்சள். அத்தான் குனிந்து குஞ்சுகளைக் கண்டுவிட்டு நிமிர்ந்தார்.

"பாத்தியளே அம்மா, நான் எடுத்தது நல்ல சாதி மீன்," என்றார். இந்த மனிதரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

மாமிக்குக் குஞ்சு கண்ணில் படவில்லை. "சீ! குளத்துச் சேத்தைக் கொண்டந்து நடு ஹோலில வைச்சிருக்கிறாளவை. வெள்ளிக்கிழமையும் அதுவுமா!" என்று பயணச் சேலையைக்கூட மாற்றாமல் தூக்கிச் செருகினார். பொச்சை எடுத்தார். கையைத் தொட்டிக்குள் விட்டு அடிக் கல்லைப் பிடித்தார்.

நான் வாயைத் திறக்க முன்னர் அக்கா போய் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடுங்கோ மாமி. உங்கட கைக்கு அதுகள் தங்காது."

குரலை உயர்த்தவில்லை. அவளுடைய மற்றக் கை வயிற்றில் இருந்தது, சேலைத் தலைப்புக்கு வெளியே. மாமி அந்தக் கையைப் பார்த்தார். அத்தானும் பார்த்தார். கல் மாமியின் விரலிலிருந்து நழுவி மெதுவாக அடிக்குப் போனது.

அன்றைக்குத் தொட்டியை யாரும் கழுவவில்லை. பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் இல்லை. அக்காவுக்கு மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் தீட்டுத்துடக்குக் கழித்தபோது மாமி வீட்டில் சுவர், கதவு, கூரைத் தடி என்று ஒன்றையும் விடாமல் கழுவினார். தொட்டிக்குக் கிட்ட வந்ததும், சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தைக் கழுவினார்.