சீலையால் மூடிய தொட்டி

தோள் பழுதான பிறகு எனக்கு வேலை இல்லை. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் கத்தியோடு நின்றவன் நான். இப்போது பகலில் வீட்டில் இருக்கிறேன். மனைவி முதியோர் இல்லத்துச் சமையலறைக்குப் போய்விடுவாள். பிள்ளைகள் தூரத்து நகரமான ஹ்விடோவ்ரேயில். நாங்கள் இருக்கிற இந்தச் சின்ன ஊர் ஸ்கீவவில் எங்கள் தமிழ் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். வீடு சத்தமில்லாமல் கிடக்கும்.

ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றேன். குளிர் தாங்காமல் பக்கத்துக் கடைக்குள் போனேன். முயல், கிளி விற்கிற கடை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பாம்புக்குட்டி. பென்சில் தடிப்பு. செம்மஞ்சள் நிறம். ஒரு தடியில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. எங்கே போகிறது என்று பார்த்தேன். எங்கேயும் போகவில்லை. வெளியே பஸ் வந்து போயிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒருநாள் போய் அதை வாங்கிக்கொண்டு வந்தேன். சோளப்பாம்பு, விஷம் இல்லை என்றார் கடைக்காரர்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் மனைவி. சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"கடிக்காது."

"உது கடிக்காது. சனம் கடிக்கும்."

பிள்ளைகளின் பழைய மீன்தொட்டியைத் துடைத்து எடுத்தேன். ஹோல் மூலையில் வைத்தேன். அடியில் மரச்சீவல், ஒரு பக்கம் சூடாக்கும் பாய், ஒரு கிண்ணம் தண்ணீர். ஒளிந்திருக்க ஓர் இடம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பில் சின்ன வாசல் வெட்டினேன். பாம்பு அதைச் சுற்றி வந்தது. தலை உள்ளே போனது. உடம்பு தண்ணீர் வடிகிற மாதிரிப் போனது. வால்நுனி கொஞ்ச நேரம் வெளியே கிடந்தது. பிறகு அதுவும் போனது.

சாப்பாடு எலிக்குஞ்சு. உரோமம் முளைக்காதது, உறைந்தது. கடையிலேயே தந்தார்கள்.

"ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ளை வைக்காதேங்கோ. ஆராவது எடுத்துத் திண்டுபோடுவினம்," என்றாள் மனைவி. ஃப்ரீசரின் அடித்தட்டில் வைத்தேன்.

பாம்பு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கிழமைக்கு ஒருமுறை சாப்பாடு என்றால் அடுத்த வெள்ளி. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு அடுப்படிக்கு மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் வராது.

"அவரும் எங்கட வீட்டிலை தானே இருக்கிறார்," என்றாள் மனைவி. "வெள்ளிக்கிழமை அவரும் சைவம்."

அப்படித்தான் சனிக்கிழமை ஆனது.

முதல் சனிக்கிழமை அதன் கண்கள் புகை பிடித்த மாதிரி இருந்தன. நீலமும் வெள்ளையுமாய். தோல் உரிக்கப் போகிறது. சாப்பிடவில்லை. நாலைந்து நாளில் தோல் கழன்றது. மரச்சீவலுக்குள் கிடந்தது. எடுத்து யன்னலில் பிடித்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தோலுக்கு ஊடாகப் பனி தெரிந்தது. கண் இருந்த இடத்திலும் சின்ன மூடி மாதிரித் தோல் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

அடுத்த சனிக்கிழமையும் சாப்பிடவில்லை. எலிக்குஞ்சை இடுக்கியில் பிடித்து முகத்துக்கு நேரே ஆட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. சிரட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வேறு வேலை இல்லை, தூக்கித் தூக்கிப் பார்த்தேன். உற்றுப் பார்க்காதே, தன்பாட்டில் விடு என்று கடைக்காரர் சொன்னது நினைவு இருந்தது. என்றாலும் பார்த்தேன். முதுகெலும்பு மெல்லிய கோடாய்த் தெரியத் தொடங்கியிருந்தது.

மனைவியும் தூரத்தில் நின்று பார்த்தாள்.

"அது அம்மன்ரை சீவன். எங்கட வீட்டிலை பட்டினி கிடந்து சாகப்படாது," என்றாள். "வாற சனியும் சாப்பிடாட்டிக் கடையிலையே கொண்டுபோய்க் குடுங்கோ. அவை எப்பிடியும் சாப்பாடு தீத்துவினம்."

"ஓம்," என்றேன். அந்தக் கிழமை நித்திரை சரியாக வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கிச் சிரட்டை வாசலில் வைத்தேன். மூடியைப் பூட்டினேன். வாசல் மணி அடித்தது. மனைவி யன்னலால் எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, கோல்டிங் அண்ணையும் அக்காவும். கையிலை தட்டம். மகன்ரை கலியாணத்துக்குச் சொல்ல வந்திருக்கினம்."

அண்ணை தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்; பிறகு கோல்டிங் என்ற ஊருக்குப் போய்விட்டார்.

"உதைக் கண்டினம் எண்டால் கலியாண வீடு முழுக்க எங்கட கதைதான்," என்றாள். காயப்போட்டிருந்த சிவப்புச் சீலையை உருவி எடுத்தாள். தொட்டியை நாலு பக்கமும் மூடினாள். நான் கதவைத் திறந்தேன்.

"என்ன தம்பி, இடுக்கியும் கையுமா நிக்கிறாய்?" என்றார் அண்ணை.

"சமையல்."

"நீ சமைக்கிறியோ? அப்ப நாங்கள் சாப்பிட்டிட்டெல்லோ வந்திருக்கவேணும்!"

இருந்தார்கள். தேத்தண்ணியும் ரோல்ஸும் வந்தன. அக்கா கலியாணக் கார்ட்டை எங்கே வைப்பது என்று பார்த்தாள். நாலு மூலையும் மஞ்சள் பூசிய கார்ட். தொட்டிக்கு மேலே வைத்தாள்.

"இதென்ன பிள்ளை, நல்ல சீலையை விரிச்சு வைச்சிருக்கிறாய்?"

"மீன்தொட்டி அக்கா. இப்ப மீன் இல்லை."

"தண்ணி?"

"அதுவும் இல்லை."

"அப்ப ஏன் மூடி வைச்சிருக்கிறாய்?"

"தூசு."

அக்கா சீலையில் கையை வைத்தாள். "இளஞ்சூடா இருக்கு."

"ஹீட்டர் பக்கத்திலை," என்றேன்.

அண்ணை சிரித்தார். "உவன் லைனிலை நிக்கேக்கையும் உப்பிடித்தான். விடிஞ்சாப் பொழுதுபட்டா நாலு சொல்லு. எப்பிடிப் பிள்ளை உவனோடை காலம் தள்ளுறாய்?"

"அவற்றை பங்கையும் நான் கதைப்பன் அண்ணை."

அவர்கள் கதைத்தார்கள். மண்டபம், சாப்பாடு, ஐயர், யார் யார் லண்டனிலிருந்து வருகிறார்கள். சத்தம் எனக்குத் தூரத்திலிருந்து வந்தது. நான் சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யன்னல் வெளிச்சம் அதில் விழுந்திருந்தது. உள்ளே எல்லாம் சிவப்பாய் இருக்கும். சீலையைத் தொட்டிலாய்க் கட்டிய ஏணைக்குள் கிடக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் அப்படித்தான் தெரியும். கதை கேட்கும், ஆள் தெரியாது. அந்தச் சிவப்புக்குள் ஒரு தலை சிரட்டையை விட்டு வெளியே வருகிறது. நாக்கை நீட்டுகிறது. என் கண் அங்கே இல்லை. யாருடைய கண்ணும் இல்லை. நானும் உள்ளே கிடப்பது போல இருந்தது. தோள் நோகவில்லை.

"தம்பி நித்திரையோ?" என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை."

அவர்கள் போகும்போது பொழுதுபட்டுவிட்டது. கார் வெளிச்சம் சுவரில் ஓடி மறைந்தது. நான் தொட்டியடிக்குப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"நீங்கள் பார்த்துப் பார்த்துத்தான் அது சாப்பிடேல்லை. விடுங்கோ."

கார்ட்டை எடுத்துச் சுவாமிப் படத்தடியில் வைத்தாள். திரும்பி வந்து முழந்தாளில் இருந்தாள். அவசரத்தில் சீலை மூடியதைத் தவிர, அதுவரைக்கும் அவள் தொட்டிக்குக் கிட்ட வந்ததில்லை. சீலையின் ஒரு முனையை விரலளவு தூக்கினாள். கனநேரம் பார்த்தாள். மூச்சு விட்டாளோ தெரியாது.

"என்ன?" என்றேன்.

"எலி இல்லை."

நானும் குனிந்தேன். சிரட்டை வாசலில் உடம்பு கொஞ்சம் தெரிந்தது. அதன் நடுவில் ஒரு புடைப்பு. மெல்ல, மிக மெல்ல, உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"சாப்பிட்டிட்டார்," என்றாள்.

"ஓம்."

சீலையை இறக்கிவிட்டாள். சாப்பிட்ட பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது. நான் தொடவில்லை. பார்க்கவும் இல்லை. சீலை அங்கேயே கிடந்தது. அடுத்த சனிக்கிழமை எலிக்குஞ்சுக்கு வெந்நீர் வைத்தது அவள்தான்.

கலியாண வீட்டுக்கு அவள் வேறு சீலை உடுத்து வந்தாள். பந்தியில் கோல்டிங் அக்கா கேட்டாள்.

"என்ன பிள்ளை, தொட்டியிலை மீன் விட்டியோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா," என்றாள். "இப்ப நல்லாச் சாப்பிடுறார்."