கிரிப்புக்கு அடியில் ஒரு கோடு

அடுத்தவர் பொருளை மேலே மட்டும் அறுத்து, உள்ளே அறுக்காமல் திருப்பிக் கொடுப்பதுதான் என் தொழில். தையல் பிரிக்கிறவர்களே, செல்போன் திறக்கிறவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. கே.கே. நகரில் பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் சலீம் பாய் கடையில், கோல்ஃப் ஸ்டிக்கின் தேய்ந்த கைப்பிடி ரப்பரை எடுத்துவிட்டுப் புதுசு போடுகிறேன். கிரிப் மாற்றுவது என்போம்.

கொக்கி பிளேடு

இந்த வேலைக்கு முன்னால் கிரிக்கெட் மட்டைக்குக் கிரிப் போட்டுக்கொண்டிருந்தவன் நான். மட்டை மரம். பிளேடு கொஞ்சம் இறங்கினாலும் அது பாட்டுக்கு இருக்கும். கோல்ஃப் ஸ்டிக்கின் தண்டு அப்படியில்லை. அதிலும் கிராஃபைட் தண்டு என்பது கருப்பு நாரைப் பசையில் ஊறவைத்து உருட்டிய குழாய். அதில் ஒரு கீறல் விழுந்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஒருவர் ஓங்கி அடிக்கும்போது முறிந்து போகும்.

அதனால் நேர் பிளேடு ஆகாது. கொக்கி மாதிரி வளைந்த பிளேடை ரப்பரின் ஓரத்தில் மாட்டி, மெதுவாக இழுத்துக்கொண்டே போகவேண்டும். முதல் நாள் பிளேடை மாட்டிவிட்டு இழுக்காமலே நின்றேன். பயமாயிருக்கு என்று எனக்கே கேட்காத குரலில் சொன்னேன். பாய்க்குக் கேட்டுவிட்டது.

"நல்லா பயப்படு தம்பி. பயமில்லாதவன் கையில நான் கத்தி குடுக்கிறதில்ல."

ஒரு சத்தம்

தண்டை, மேசையில் பூட்டிய இரும்பு இடுக்கியான வைஸில் வைத்து இறுக்கித்தான் வேலை செய்ய முடியும். நேராக இறுக்கினால் நசுங்கிவிடும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்குவேன். கோல்ஃப் மைதானத்தில் பை சுமக்கும் முருகேசண்ணன் ஒருநாள் பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தார். கடைசித் திருகு திருகினேன், படக்கென்று ஒரு சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது. வைஸைத் தளர்த்தி, தண்டை வெளிச்சத்தில் உருட்டி உருட்டிப் பார்க்கிறேன், ஒன்றுமில்லை. அவர் என்னையே விநோதமாகப் பார்த்தார்.

"நான் சொடக்கு எடுத்தேன் தம்பி. அதுக்கு ஏன் உங்களுக்கு இப்படி வேர்க்குது?"

தேங்காய் எண்ணெய்

புதுக் கிரிப் ஏற, தண்டில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, அதன்மேல் டர்பன்டைன் விடுவோம். ஈரம் இருக்கும்வரை வழுக்கும், காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். ஸ்ரீரங்கம் ரங்கராஜன் மாமாவுக்கு அமெரிக்காவிலிருந்து பிள்ளை ஒரு செட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்த டர்பன்டைன் நாற்றம் அகத்தில் கூடாது என்று மாமி சொல்லிவிட்டாளாம். மாமா வீட்டில் தானே தேங்காய் எண்ணெய் போட்டுப் புதுக் கிரிப்பை ஏற்றிவிட்டார். வெண்ணெய் மாதிரி ஏறியது. எண்ணெய் காயுமா? ஓங்கின போதெல்லாம் கிரிப் கையோடு சுற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார்.

எனக்கோ பரம சந்தோஷம். கத்தியே வேண்டாம், உருவினால் வந்துவிட்டது. அவ்வளவு நிம்மதியாக நான் வேறெந்த ஸ்டிக்கையும் தொட்டதில்லை. அதை வெளியே காட்டியிருக்கக் கூடாது.

"அப்போ அடுத்த தடவையும் நானே எண்ணெய் போட்டுக் கொண்டுவரேன், நோக்குக் கத்தி வேலை மிச்சம்."

அந்தக் கோடு

இது போன மாதம் நடந்தது. பல் டாக்டர் மல்லிகா மேடம், எங்கள் கடையில் முன்பு வாங்கிய கிராஃபைட் ஸ்டிக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் போட்டி. கிரிப் வழவழவென்று தேய்ந்திருந்தது. பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். நான் ரப்பரை அறுத்தேன், அடியிலிருந்த பழைய டேப்பை நீளமாக உரித்துப் போட்டேன், துடைத்தேன். தண்டில் ஒரு கோடு. நகத்தை வைத்தால் மாட்டியது. பெயின்ட் கீறலில்லை, வெட்டு.

புது டேப் சுற்றி கிரிப்பை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் மேடம் ஓங்கும்போது முறிந்தால்? வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பாயும் மேடமும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். காட்டினேன். பாய் தண்டைப் பார்த்தார், பிறகு என் பிளேடைப் பார்த்தார். பிளேடைத் தள்ளி வைத்தேன். இந்த வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்று மனசு அதற்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டது.

மேடம்தான் கேட்டார், உரித்த டேப் எங்கே என்று. குப்பைக்கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் தண்டின்மேல் பழையபடி வைத்து, பல்லில் விரிசல் தேடுகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே போனார். கோட்டுக்கு நேர்மேலே டேப் முழுசாக இருந்தது. டேப்பை வெட்டாமல் என் கத்தி தண்டைத் தொட்டிருக்க முடியாது. எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம்தான் உறைத்தது. இந்த டேப்பும் கிரிப்பும் பாய் விற்றபோதே இருந்தவை.

"தம்பி பண்ணலைன்னு ஆயிடுச்சு. அப்ப நீங்க எனக்கு வித்ததே வெட்டுப்பட்ட ஸ்டிக்கா பாய்?"

பாயின் பதில்

பாய் மறுத்துப் பேசவில்லை. துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய ஸ்டிக் கட்டோடு வந்தது, கிரிப்பைப் பிரித்துப் பார்க்காமல் விற்றுவிட்டேன் என்றார். விற்காமல் தனக்கென்று சுவரில் மாட்டியிருந்த ஸ்டிக்கை இறக்கி, மேடம் கைக்கு ஏற்ற கிரிப்பை என்னைப் போடச் சொல்லி, அதையே கொடுத்தனுப்பினார். மேடத்தின் கார் திரும்பியதும் சுவரில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ காட்டினது சரிதான் தம்பி. ஆனா இனிமே கோடு தெரிஞ்சா மொதல்ல எனக்கு ஒரு போன் பண்ணு, நான் வர்ற வழியில மனசைத் தேத்திக்குவேன்."

ஆக, கத்தி பட்டால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்கப் பயம், படாவிட்டால் முதலாளி முகத்தைப் பார்க்கப் பயம் என்று இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஒரு தொழிலை நான் தேடிப் பிடித்திருக்கிறேன்.